பூம் பழசாகவில்லை, வால்தான் தேய்ந்திருக்கிறது

"அண்ணை, பூம் ஆடுது. புதுசு வாங்கவோ?"

வசந்தம் வந்து ஏரிக்கரைகளில் ஆட்கள் பாய் விரிக்கத் தொடங்கினால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். சுவிஸில் விண்ட்சர்ஃபிங் செய்யும் தமிழ்ப் பொடியன்கள் பெரிய கூட்டம் இல்லை. ஆனால் இருக்கிறவர்கள் சளைக்காமல் வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள். படத்தில் பெரும்பாலும் ஒரே இடம்தான் இருக்கும்: பூமின் பின்பக்கம், வால் குழாய் உள்ளே நுழையும் இடம். அங்கே பிளாஸ்டிக் கிளிப் வெடித்திருக்கும். இல்லாவிட்டால் வட்டமாக இருந்த துளை நீண்டிருக்கும், அல்லது வால் உள்ளேயே இறுகி அசைய மறுக்கும். என் பதிலும் ஒன்றுதான்: எறியாதேங்கோ, முதல் வாலைக் கழட்டிப் பாருங்கோ.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே பதிவாகப் போட்டுவிடுகிறேன். நீளமானது, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

விண்ட்சர்ஃபிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகையில் நின்றபடி பாயைப் பிடித்து ஓட்டுகிறோம் அல்லவா, அப்போது கை பிடித்திருக்கும் வளைந்த இரட்டைக் குழாய்தான் பூம். முன்பக்கம் பாய்மரத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டு கைக்குழாய்கள் பாயின் இருபுறமும் வளைந்து போய்ப் பின்னால் சேரும். பாய் சிறிதும் பெரிதுமாக மாறும் என்பதால் பின்பகுதியை இழுத்து நீட்டலாம், தள்ளிக் குறுக்கலாம். அந்த நகரும் பகுதியைத்தான் வால் என்கிறோம். அதை வேண்டிய துளையில் பூட்டிவைப்பது கிளிப்.

இந்த வளைவுக்கு ஒரு வழக்கு வரலாறே உண்டு. கலிஃபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹொய்ல் ஷ்வைட்சரும் 1968-இல் பாய்ப்பலகைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். பிறகு ஐரோப்பாவில் பலகை செய்த நிறுவனங்கள் மீது வழக்கு மேல் வழக்காக வந்தது. இங்கிலாந்து வழக்கில் எதிர்த்தரப்பு கொண்டுவந்த சான்று ஒரு சிறுவன். ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் 1958-இல் தானே ஒரு பாய்ப்பலகை செய்து ஓட்டியிருந்தான். அவனுடைய பூம் இரண்டு நேர்க்கம்புகள்தான். ஆனால் காற்றுப் பிடித்ததும் அவை தாமாகவே வில்லாக வளைந்தன. காப்புரிமை கேட்டவர்கள் சொன்ன வளைவு அதில் ஏற்கெனவே இருக்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது, காப்புரிமை செல்லாமல் போனது. பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டில் செய்ய முடிந்த ஒரு பொருளைத் திருத்துவதற்கு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

சுவிஸில் வால் ஏன் சீக்கிரம் தேய்கிறது

கடற்கரையில் ஒரே காற்றில் ஒரே பாயோடு ஓடுகிறவர் வாலை ஒருமுறை பொருத்தினால் மாதக்கணக்கில் தொடமாட்டார். இங்கே கதை வேறு. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு காற்று, ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பாய்.

எங்காடின் பள்ளத்தாக்கின் சில்வாப்லானா ஏரியை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தலைப்பக்கமுள்ள மலோயா கணவாய் 1,815 மீட்டர், அதாவது ஏரியை விடப் பெரிதாக உயரமில்லை. அங்கே மலைச்சுவர் இல்லாததால், வெயில் ஏறியதும் கணவாய்க்கு அப்பாலுள்ள பெர்கெல் பள்ளத்தாக்கின் காற்று அதைத் தாண்டி வழிந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. மற்றப் பள்ளத்தாக்குகளில் பகல் காற்று மேல்நோக்கி ஏறும். இங்கே தலைகீழ். கோடை நாட்களில் மதியத்துக்கு முன்பின் தொடங்கி மாலை வரை வீசும். இதை நம்பித்தான் 1978 முதல் இங்கே சர்ஃப் மாரத்தான் நடத்துகிறார்கள்.

ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட சுமார் 16 விழுக்காடு குறைவு. அதே வேகத்துக்குப் பாயில் விழும் தள்ளுவிசையும் அந்த அளவு குறையும். அதனால் பெரிய பாய் வேண்டும், பெரிய பாய்க்கு நீளமான பூம் வேண்டும்.

அடுத்த வாரம் அதே ஆள் ஊர்னர் ஏரிக்குப் போவார். ஃப்ளூயெலன், இஸ்லெடன், சிசிகொன் பக்கம் ஃப்யோன் காற்று தெற்கிலிருந்து மலையிடுக்கு வழியாகப் பாய்ந்து வரும்போது 4 சதுர மீட்டர் பாயே கையைப் பிடுங்கும். கோடைப் பிற்பகலில் அதே ஏரியில் வடக்கிலிருந்து மெல்லிய வெப்பக்காற்று, மீண்டும் பெரிய பாய். ஜெனீவா ஏரியில் வடகிழக்கிலிருந்து வரும் பீஸ் காற்றுக்கு இன்னொன்று. 4.5 சதுர மீட்டர் பாய்க்கு பூம் ஏறத்தாழ 160 செ.மீ., 7.5-க்கு 200 செ.மீ.க்கு மேல். ஒரே பூமை வைத்துக்கொண்டு இதெல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்தால் வால் உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டே இருக்கும்.

மணலையும் மறக்கக் கூடாது. ரொய்ஸ் ஆறு ஊர்னர் ஏரியில் சேரும் இடத்தில் மலையிலிருந்து அரைபட்டு வந்த நுண்மணல் இருக்கிறது. ஈரக் கரையில் பூமைப் போட்டுப் பாய் கட்டினால் அந்த மணல் குழாய் வாய்க்குள் போய் உட்கார்ந்து, வால் நகரும் ஒவ்வொரு முறையும் உரசித் தேய்க்கும். நன்னீர் ஏரிதானே, துரு வராது என்று நினைப்பவர்கள் விடுமுறையில் சார்டினியாவுக்குப் போய் உப்பைக் கொண்டுவருகிறார்கள். அலுமினியக் குழாய்க்குள் கார்பன் வால் இருந்தால், உப்புநீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து வாலை உள்ளேயே பூட்டிவிடும்.

தேய்வைப் படிப்பது எப்படி

வாலை முழுதாக வெளியே எடுங்கள், துடையுங்கள், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பாயை இழுத்துக் கட்டும் கயிறு வாலை எப்போதும் முன்பக்கமாக, குழாய்க்குள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். தடுத்து நிறுத்துவது கிளிப்பின் சிறு முளை. அதனால் ஒழுங்கான தேய்வு என்றால் வாலின் துளையில் பின்விளிம்பும் கைக்குழாயின் துளையில் முன்விளிம்பும் அமுங்கியிருக்கும். அப்படியிருந்தால் அது வயதுதான்.

துளை மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அகன்றிருந்தால் கதை வேறு. வால் குழாய்க்குள் ஆடுகிறது, அந்த ஆட்டத்தை முளை வாங்கிக்கொள்கிறது. ஆடும் பல்லைப் போலத்தான் இது. பல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை, ஈறைப் பார்க்க வேண்டும். கிளிப்பை மட்டும் மாற்றினால் புதுக் கிளிப்பும் விரைவில் வெடிக்கும்.

வால் எவ்வளவு நீளம் உள்ளே இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். 40 செ.மீ. உள்ளே இருக்கும் வாலும் 20 செ.மீ. மட்டுமே உள்ளே இருக்கும் வாலும் ஒன்றல்ல. ஒரே பக்கவிசைக்கு, உள்ளே இருக்கும் நீளம் பாதியானால் தாங்கும் இடங்களில் அழுத்தம் இரண்டு மடங்காகும். எப்போதும் கடைசித் துளையில் ஓடுகிறவரின் பூம் முதலில் தேய்வது இதனால்தான். உங்கள் வழக்கமான பாய்க்குக் கடைசித் துளை தேவைப்பட்டால் உங்களுக்கு வேண்டியது திருத்தவேலை இல்லை, அடுத்த அளவுப் பூம்.

இறுகிப்போன வால்

சுத்தியலை எடுப்பதற்கு முன் தண்ணீரை எடுங்கள். பூமை ஒரு இரவு நன்னீரில் ஊறவிட்டால் உப்பு கரைந்து, மணலும் பாதி தளர்ந்து வந்துவிடும். குளியல்தொட்டியில் குறுக்காக வைக்கலாம், வீட்டுக்காரி திட்டினால் அது உங்கள் பாடு. பிறகு இறுக்கம் தளர்த்தும் எண்ணெயைக் குழாய் வாயிலும் துளைகளிலும் விட்டுக் காத்திருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் வெளிக்குழாயின் மேல் குழாய்ச் சுடுநீரை ஊற்றுங்கள். அலுமினியம் சூட்டில் நன்றாக விரியும், கார்பன் ஏறக்குறைய விரிவதே இல்லை. 30 மி.மீ. குழாயின் சூட்டை 45 பாகை கூட்டினால் விட்டம் சுமார் 0.03 மி.மீ. பெருக்கும். கேட்கச் சிறியதுதான், ஆனால் வெள்ளைப் பொடியின் பிடி விட அது பலமுறை போதும். வாலும் அலுமினியம் என்றால் ஊற்றியவுடனே, உள்குழாய் சூடாகும் முன் திருப்பிப் பாருங்கள். நெருப்பும் வெப்பத்துப்பாக்கியும் வேண்டாம். கார்பனைப் பிடித்துவைத்திருக்கும் எபொக்சி இளகினால் பூம் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே செத்திருக்கும்.

இரண்டு கைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக வெளியேற்றுங்கள். ஒரு பக்கம் முழுதாக வந்து மறுபக்கம் நின்றால் வால் கோணி இன்னும் இறுகும். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். வெளியே வந்ததும் வெள்ளைப் பொடியை நைலான் உரசியால் எடுங்கள். அலுமினியத்தின் வண்ணத் தோல் அதன் கவசம், உப்புத்தாள் போட்டு அதைச் சுரண்டாதீர்கள்.

பிறகு கிரீஸ் பூசலாமா என்று கேட்பார்கள். கூடாது. கிரீஸ் மணலைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாக மாறும். காய்ந்துவிடும் வகை சிலிக்கோன் ஸ்ப்ரே போதும்.

கிளிப்பும் முளையும்

கிளிப்புகள் பலவகை. சிலவற்றில் வெளியே ஒரு பிளாஸ்டிக் வளையமும் அதில் நெம்புகோலும் முளையும் இருக்கும். சிலவற்றில் வாலுக்குள்ளே ஒரு வளைந்த வில்கம்பி இருந்து முளையைத் துளை வழியாக வெளியே தள்ளும். எந்த வகையானாலும் இவை தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பகுதிகள். பல நிறுவனங்கள் தனியாக விற்கின்றன. பூமின் பெயர், ஆண்டு, குழாயின் வெளிவிட்டம் மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விட்டத்தை வெர்னியரால் அளங்கள், அடிக்கோலால் அளந்தால் ஒரு மி.மீ. பிழைக்கும், ஒரு மி.மீ. பிழைத்தால் கிளிப் பொருந்தாது.

வளையம் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தால் ரிவெட்டின் தலையைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ரிவெட்டோ திருகாணியோ குழாயின் உள்சுவரைத் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் வால் ஒவ்வொரு முறையும் அதில் உரசிக் கோடு விழும், கார்பன் வாலில் அந்தக் கோடே முறிவின் தொடக்கம். துருப்பிடிக்காத எஃகு ஆணி அலுமினியத்தில் போகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே, படகுக் கடைகளில் கிடைக்கும் பிரிப்புப் பசையைப் பூசுங்கள்.

கரையில் வைத்து முளை உடைந்துவிட்டால், அலுமினிய வாலில் தற்காலிகமாக ஒரு ஹோஸ் கிளிப்பைக் குழாய் வாய்க்குச் சற்றுப் பின்னால் இறுக்கினால் வால் உள்ளே போகாது. மெல்லிய காற்றில் அன்றைய பொழுதை ஓட்டலாம். கார்பனில் இதைச் செய்யாதீர்கள், நசுங்கும்.

நீண்டுபோன துளை

அலுமினிய வாலில் ஒரு துளை மட்டும் சிறிது நீண்டிருந்தால் அந்தத் துளைக்கு ஓய்வு கொடுங்கள். ஒரு துளை நீளமாக வைத்துவிட்டு, பாயின் மூலைக்கும் வாலின் முனைக்கும் இடையே சிறு இடைவெளி விட்டுக் கயிற்றைக் கட்டினால் போதும். பாய்க்கு ஒன்றும் ஆகாது. பல துளைகள் போயிருந்தால் தனி வால் வாங்குங்கள். அலுமினியத் துளையை எபொக்சியால் அடைத்து அதே இடத்தில் துளைப்பது நிலைக்காது. பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளை போடுவது அதைவிட மோசம், குழாய் சல்லடையாகிவிடும்.

கார்பன் வாலில் திருத்த இடமுண்டு. துளையின் விளிம்பைச் சுத்தம் செய்து, உரசி, நறுக்கிய கண்ணாடி இழை கலந்த எபொக்சியால் அடைத்து, காய்ந்தபின் அதே இடத்தில் அதே அளவில் துளையுங்கள். குறைந்தது ஒரு முழுநாள் காயவிட வேண்டும், குளிர்ந்த கெல்லரில் (நிலவறையில்) அதைவிட நேரமெடுக்கும். வாலின் வெளியே துணி சுற்ற முடியாது, உள்ளே போகாது. கைக்குழாயின் வாய்ப்பகுதி தேய்ந்து மெலிந்திருந்தால் அங்கே வெளிப்பக்கம் சுற்றிப் பலப்படுத்தலாம். கார்பன் தூசு மூச்சில் போகக் கூடாது, முகமூடி கட்டி ஈரத்தாள் கொண்டு தேயுங்கள்.

துளையை அடைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துங்கள். குழாய் வாயிலுள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புஷ் கிடைக்காவிட்டால் வாலின் உள்முனையில் மெல்லிய டெஃப்லான் ஒட்டுநாடாவை ஒரு சுற்று ஒட்டிப் பாருங்கள். வால் கையால் நகர வேண்டும், தானாக ஆடக் கூடாது, அதுதான் அளவு. கடைசியில் இரு பக்கமும் ஒரே எண் துளையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒரு துளை கூடினால் பூம் முறுக்கிக்கொள்ளும், நீங்கள் செய்த வேலையெல்லாம் வீண்.

முன்பக்கக் கவ்வியும் இதே குடும்பம்தான். பாய்மரத்தைச் சுற்றிவரும் கயிறு இழுபட்டு நீண்டால் நெம்புகோல் எளிதாக மூடும், பூம் வழுகி இறங்கும். நெம்புகோலைப் பழிக்காதீர்கள், கயிற்றை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பளபளத்துக் கல்லாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எதைத் திருத்தக் கூடாது

வல்வெட்டித்துறைக்காரரான என் பெரியப்பாவிடம் இதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கயிறு தேஞ்சா கயிறு மாத்து. ஆணி தேஞ்சா ஆணி மாத்து. பருமல் வெடிச்சா மட்டும் கை வையாத, கரையில விட்டிட்டு வா." அவருடைய ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர் சொன்னால் கேட்கலாம்.

அதாவது, பாயைத் தாங்கும் பருமல் கம்பைப் போல விசையைத் தாங்கும் குழாயில் வெடிப்பு என்றால் முடிந்தது. அலுமினியத்தில் கவ்விக்கு அருகிலும் வளைவிலும் மயிரிழைக் கோடு தெரிகிறதா பாருங்கள். கார்பனில் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே இழைகள் பிரிந்திருக்கும். அமுக்கினால் இளகும் இடமும் அப்படித்தான்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃப்யோனில் ஊர்னர் ஏரியின் நடுவே பூம் முறிந்தால் காற்று உங்களை வடக்கே புருன்னென் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வசந்தத்தில் அந்தத் தண்ணீர் விறைக்கவைக்கும், இருபுறமும் செங்குத்துப் பாறை. கரையிலுள்ள செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் எச்சரிக்கை, 90 முறை என்றால் புயல். திருத்திய பூமோடு இரண்டிலும் தண்ணீரில் இறங்காதீர்கள். முதல் ஓட்டம் கரைநோக்கிய மெல்லிய காற்றில் இருக்கட்டும். உதவி வேண்டுமானால் பலகையில் இருந்தபடி இரு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். கரையில் நிற்பவர் 117-ஐ அழைக்கலாம். பலகையில் உங்கள் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். இது இந்நாட்டுச் சட்டம். தனியே மிதந்துவரும் பலகையைக் கண்டால் பொலிஸ் முதலில் அழைப்பது உங்களைத்தான்.

வேலையை எங்கே செய்வது

அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ட்ரில்லைத் தொடாதீர்கள், மதிய ஓய்வு நேரத்திலும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை, வீட்டு ஒழுங்குவிதி கெல்லர் கதவிலேயே ஒட்டியிருக்கும். கருவி இல்லாதவர்களுக்குத் திருத்தகங்கள் உண்டு. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே யோசனை சில ஆண்டுகளில் சுவிஸுக்கும் வந்தது, இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பூமைக் கொண்டுபோனால் விநோதமாகப் பார்ப்பார்கள், ஆனால் ரிவெட் அடிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் அங்கே இருப்பார். காயாத எபொக்சி மிச்சத்தைக் குப்பைப் பையில் போடாதீர்கள், அது நச்சுக்கழிவு, சேகரிப்பிடத்தில் கொடுங்கள்.

கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். நல்ல கார்பன் பூம் பல நூறு ஃபிராங்க். கிளிப், புஷ், கயிறு எல்லாம் சேர்ந்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான். எனவே கிளிப்பையும் புஷ்ஷையும் கயிற்றையும் மாற்றுங்கள், கார்பன் துளையைத் திருத்துங்கள், வெடித்த குழாயை மட்டும் எறியுங்கள். இந்தப் பருவம் முடிந்து சாமான்களைக் கெல்லரில் வைக்கும் முன் வாலை வெளியே இழுத்து நன்னீரில் கழுவிக் காயவைத்து, பூமையும் வாலையும் தனித்தனியாக வையுங்கள். அப்படிச் செய்தால் அடுத்த வசந்தத்தில் எனக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்காது.